ஆன்லைன் சென்டர் கணினிக்கு எந்த பிரவுசர் போடலாம்?

தென்பொதிகை

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடையோடு ஆன்லைன் சென்டரும் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா, பான் கார்டு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கரண்ட் பில் என்று காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். கணினி இரண்டு. இரண்டிலும் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஒன்றில் விண்டோஸ் 11, இன்னொன்றில் விண்டோஸ் 10.

போன வாரம் ஒரு பெரியவர் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க வந்தார். நான் ஜெராக்ஸ் மிஷினில் நின்றதால் என் மகனை உட்காரச் சொன்னேன். அவன் தேடிப் பார்த்து முதலில் வந்த தளத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் போட்டுவிட்டான். பணம் கட்டும் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தொகை காட்டியது. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான் என்று எனக்குத் தெரியும் என்பதால் நிறுத்தச் சொன்னேன். பிறகுதான் பார்த்தோம், அது அரசுத் தளமே இல்லை. தேடலில் மேலே வந்தது விளம்பரம். பணம் போகவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் விவரமெல்லாம் யாரிடமோ போய்விட்டது. இரண்டு நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

முன்பு விளம்பரத் தடுப்பி ஒன்று போட்டிருந்தோம். சில மாதங்களுக்கு முன் 'இனி இந்த நீட்சிக்கு ஆதரவு இல்லை' என்று பிரவுசரே அதை அணைத்துவிட்டது. அதோடு, ஆதார் எண் அடிக்கும் பெட்டியைத் தொட்டால் வேறு யாருடைய எண்ணோ கீழே எட்டிப் பார்க்கிறது. வலது மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று ஓயாமல் அறிவிப்பு வருகிறது.

பிரவுசரை மாற்றலாம் என்று இருக்கிறேன். எதைப் போடலாம்? அரசுத் தளங்கள் எல்லாம் அதில் வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிரல்காரன்

அக்கா, பணம் கட்டுமுன் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். அந்தப் பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, பாஸ்போர்ட் என்று பேசி வரும் அழைப்புக்கு ஓடிபி எதையும் சொல்ல வேண்டாம் என்று எச்சரித்துவிடுங்கள். உண்மையான தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். இந்திய அரசின் தளமா என்று பார்க்க முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்ப்பது நல்ல பழக்கம். அந்த முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள். 'டாட் ஆர்க்', 'டாட் காம்' யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

தடுப்பி ஏன் நின்றது என்று சொல்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது குரோமியம் வகை, அதாவது கூகுள் குரோமின் அடிப்படை நிரலில் கட்டிய பிரவுசர். நீட்சிகள், அதாவது பிரவுசரோடு நாம் சேர்க்கும் சிறு நிரல்கள், எப்படி இயங்க வேண்டும் என்ற விதியை கூகுள் மாற்றியது. புதிய விதிக்கு மேனிஃபெஸ்ட் 3 என்று பெயர். 2024 ஜூனில் குரோமில் எச்சரிக்கை காட்டத் தொடங்கி, 2025இல் பழைய வகை நீட்சிகளை முழுதாக நிறுத்திவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பி நின்றுபோனது அதில்தான்.

பழைய முறையில், பக்கம் எதைக் கேட்டாலும் அதை உள்ளே விடுவதா வேண்டாமா என்று நீட்சியே அந்த நொடியில் முடிவெடுக்கும். வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அனுப்பும் காவலாளி மாதிரி. புதிய முறையில் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த பட்டியலை மட்டும் வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். பட்டியலில் இருப்பவர் நிற்பார், வேடம் மாற்றி வருபவர் நுழைய வாய்ப்பு உண்டு. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இந்த மாற்றம் தேவை என்பது கூகுளின் விளக்கம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, கெட்ட நீட்சிகள் பக்கத்தில் ஓடும் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் வாழும் நிறுவனமே விளம்பரத் தடுப்பிக்கு எல்லை வகுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் தொடர்ந்து ஆதரிக்கிறது. யூபிளாக் ஆரிஜின் அதில் முழு பலத்தோடு ஓடுகிறது. உங்கள் கடைக்கு என் பரிந்துரை அதுதான். நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெயரில் 'ஆரிஜின்' இருக்க வேண்டும், எழுதியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்க வேண்டும். வெறும் 'யூபிளாக்' என்ற பெயரில் வேறொன்று உண்டு, அது வேண்டாம்.

குறுக்குவழி

இருக்கிற பிரவுசரை எதற்கு மாற்ற வேண்டும்? யூபிளாக் ஆரிஜின் லைட் என்று அதே ரேமண்ட் ஹில் புதிய முறைக்கு ஏற்ற ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதைப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை. கடையில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது புதிய பிரவுசரில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. என் கடையில் அதைத்தான் வைத்திருக்கிறேன், விளம்பரம் பெரும்பாலும் வருவதில்லை. அறிவிப்புத் தொல்லைக்கும் பிரவுசரை மாற்ற வேண்டாம். அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இனி யாரும் கேட்கவே கூடாது என்று தேர்ந்தெடுத்தால் அந்த 'வைரஸ்' அன்றே போய்விடும்.

கட்டற்ற கணியன்

குறுக்குவழி அண்ணன் சொல்லும் லைட் வகை ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். மாறத் தயங்குபவர்கள் இன்றே அதைப் போட்டுக்கொள்ளட்டும். அறிவிப்பைப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரி. ஆனால் தென்பொதிகை அக்கா கடையில் உட்காருவது ஊரில் பாதிப் பேர். அவர்கள் ஆதார் அடிக்கும் இடத்தில் 'பெரும்பாலும்' போதாது.

விளம்பரத்தைத் தடுப்பது எரிச்சல் குறைய மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. தேடலில் வரும் விளம்பரங்களில் உண்மையான நிறுவனங்களைப் போல வேடமிட்டு ஏமாற்றுகிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்னார்கள். உங்கள் பெரியவருக்கு நடந்ததும் அதேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்று பிரவுசர் என்று தேடினால் பத்துப் பெயர் வரும். எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி, உலா. வெளியே பெயர் வேறு, வண்ணம் வேறு. உள்ளே ஓடும் என்ஜின், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரல், எல்லாவற்றிலும் ஒன்றுதான், கூகுளின் பிளிங்க். ஓப்பரா 2013 வரை தன் சொந்த என்ஜினான பிரெஸ்டோவை வைத்திருந்தது, விட்டுவிட்டது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் எட்ஜையே குரோமியத்துக்கு மாற்றியது. விண்டோஸில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தக்கூடிய, வேறு என்ஜின் உள்ள பெரிய உலாவி என்றால் ஃபயர்பாக்ஸும் அதிலிருந்து பிரிந்தவையும்தான். ஆப்பிள் கணினி என்றால் சஃபாரி உண்டு, அதன் என்ஜின் வெப்கிட். பிளிங்கே 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான். அந்த வெப்கிட் லினக்ஸ்காரர்களின் கேடிஇ திட்டத்தில் பிறந்த கேஎச்டிஎம்எல்லில் இருந்து வளர்ந்தது. ஆர்வலர்கள் கூடி எழுதிய நிரல் இன்று உலகத்தின் பெரும்பாலான கணினிகளில் ஓடுகிறது என்று நினைக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த என்ஜின் இன்று ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் வருத்தம்.

என்ஜின் ஒன்றே என்றால் மேலே விதி மாறும்போது கீழே உள்ள எல்லோருக்கும் சிக்கல். பழைய நீட்சி முறையைத் தாங்களாகப் பிடித்து வைத்திருக்க அவர்கள் தனியாக உழைக்க வேண்டும், அது பதிப்புக்குப் பதிப்பு கூடும். பிரேவ் இதற்கு நல்ல வழி கண்டது. அதன் தடுப்பி நீட்சியே இல்லை, உலாவிக்குள்ளேயே எழுதப்பட்டது, அதனால் மேனிஃபெஸ்ட் மாற்றம் அதைத் தொடவில்லை. குரோமியம் வகைதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் பிரேவைச் சொல்வேன். அதைத் தொடங்கிய பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவர். ஆனால் கிரிப்டோ பணப்பை, வெகுமதி என்று சிலவற்றை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். 2020இல் சில கிரிப்டோ தள முகவரிகளை அடிக்கும்போது தங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் பரிந்துரை இணைப்பை அதோடு சேர்த்து நிரப்பியது வெளிவந்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். இதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

தஞ்சை ஆசிரியர்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். தொழில்நுட்பம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் கணியன் தம்பி 'ஒரே என்ஜின்' என்று சொன்னதும் எனக்குப் பழைய காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் படிப்பது எப்படி இருந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு இதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு, தனக்கென்று ஒரு குறியாக்கம் (எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறை) வைத்திருந்தது. ஒன்றுக்குத் தாப், ஒன்றுக்குத் திஸ்கி, இன்னொன்றுக்கு எதிலும் சேராத சொந்த முறை. எழுத்துருவைத் தானாக இறக்கிக் காட்டும் வசதி பல தளங்களில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது. வேறு உலாவியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் கொட்டிக் கிடக்கும். 'இத்தளத்தை இன்ன உலாவியில் காண்க' என்று ஒவ்வொரு தளத்தின் அடியிலும் எழுதியிருப்பார்கள்.

அன்று ஃபயர்பாக்ஸுக்குப் பத்மா என்று ஒரு நீட்சி வந்தது. தெலுங்கு, தமிழ் என்று நம் மொழிகளின் பழைய குறியாக்கப் பக்கங்களை அந்தக் கணமே ஒருங்குறியாக (யூனிகோடாக) மாற்றிக் காட்டும். இதழ் நடத்துபவர் மாறாவிட்டாலும் வாசகன் தன் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். நீட்சி என்பதன் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது. என் கணினியில் வரும் பக்கத்தை எப்படிப் படிப்பது என்ற முடிவு என்னிடம் இருந்தது.

ஒருங்குறி நிலைத்த பிறகுதான் எந்த உலாவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு தரத்தை எல்லோரும் ஏற்றதால் கிடைத்தது அது. ஓர் உலாவியை மட்டும் சோதித்துவிட்டுத் தளத்தை வெளியிடும் பழக்கம் மறுபடி வந்தால், 'இன்ன உலாவியில் காண்க' என்ற அந்த வரியும் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

எனக்கு ஃபயர்பாக்ஸில் பிடித்த இன்னொன்று படிப்புப் பார்வை. முகவரிப் பட்டையில் தாள் போன்ற ஒரு சின்னம் வரும், அதைத் தொட்டால் கட்டுரை மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். கண்புரை அறுவைக்குப் பிறகு நான் செய்தி படிப்பது அதில்தான்.

நிரல்காரன்

ஐயா சொன்ன அந்த வரி ஏற்கெனவே வேறு வடிவத்தில் வந்துவிட்டது. விவால்டி 2019 இறுதியில் தன்னை 'விவால்டி' என்று தளங்களுக்கு அறிமுகப்படுத்திக்கொள்வதையே நிறுத்தி, குரோம் போலச் சொல்லத் தொடங்கியது. என்ஜின் ஒன்றேதான், ஆனாலும் பெயரைப் பார்த்ததும் பல தளங்கள் கதவைச் சாத்தின. ஃபயர்பாக்ஸ் உள்ளேயும், சில தளங்கள் உடையாமல் இருக்கத் தளம் தளமாகச் செய்த திருத்தங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வலைத்தளம் செய்யும் என் போன்றவர்கள் ஃபயர்பாக்ஸிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வெளியிட்டால் இதில் பாதி தேவைப்படாது. என் அலுவலகத்தில் இதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஃபயர்பாக்ஸ் 2இல் இருபக்கமும் சீராக அமைத்த தமிழ்ப் பத்திகளில் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தது, வலைப்பதிவு எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். 2008இல் வந்த 3ஆம் பதிப்பில் அது சரியானது. இன்று குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரலைப் பயன்படுத்துகின்றன. அதனால் தமிழ் தெரிவதில் எதைத் தேர்ந்தாலும் வேறுபாடு இல்லை. தட்டச்சும் அப்படியே, தமிழ்99 விண்டோஸில் இருக்கிறது, பிரவுசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தென்பொதிகை

இவ்வளவு விவரமாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன காலத்தில் நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன், அந்த எழுத்துருத் தொல்லை எனக்கும் தெரியும்.

இரண்டு சந்தேகம். என்னிடம் கைரேகைக் கருவி இருக்கிறது. டெண்டர் போடும் ஒப்பந்தக்காரர்கள் இருவர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு வருவார்கள். இவையெல்லாம் ஃபயர்பாக்ஸில் ஓடுமா? அடுத்து, ஒருவர் டிஜிலாக்கர் திறந்து வைத்திருக்கும்போதே இன்னொருவருக்கு அவசரமாக ஒன்று பார்க்க வேண்டியிருக்கும். மறைநிலைச் சாளரம் இரண்டு திறந்து வைத்துக்கொண்டால் போதும்தானே?

நிரல்காரன்

அக்கா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆபத்தானது. போதாது.

மறைநிலைச் சாளரம் எத்தனை திறந்தாலும் அவை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றில் டிஜிலாக்கர் திறந்திருந்தால் மற்றதிலும் அதே ஆள் உள்ளே இருப்பார். குரோமிலும் அப்படித்தான், ஃபயர்பாக்ஸிலும் அப்படித்தான். கடைசி மறைநிலைச் சாளரத்தையும் மூடினால்தான் குக்கீ, அதாவது யார் உள்ளே இருக்கிறார் என்று தளம் வைக்கும் குறிப்பு, அழியும். டாஸ்க்பாரில் ஒரு சாளரம் சிறிதாக்கிக் கிடந்தால் காலையில் வந்தவரின் கணக்கு மாலை வரை திறந்தே இருக்கும். ஒருவர் எழுந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் அடுத்தவருக்குத் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் என்றால் அடுத்தவரை இரண்டாவது கணினிக்கு அனுப்புங்கள். ஒரு கணினிதான் கையில் இருக்கிறது என்றால், ஒருவருக்கு ஃபயர்பாக்ஸ், ஒருவருக்கு எட்ஜின் விருந்தினர் முறை.

ஃபயர்பாக்ஸில் கன்டெய்னர் என்று, அதை உருவாக்கும் மொசில்லாவே தரும் ஒரு நீட்சி உண்டு. ஒவ்வொரு டாபுக்கும் ஒரு வண்ணம், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் குக்கீ. ஒரே தளத்தில் நான்கு கணக்குகளை நான்கு வண்ணத்தில் திறக்கலாம். அருமையான வசதி, வேறு பெரிய பிரவுசரில் இவ்வளவு எளிதாகக் கிடையாது. ஆனால் அது மறைநிலையில் இயங்காது, மூடினாலும் தானாக அழியாது. உங்கள் சொந்தக் கணக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளருக்கு வேண்டாம்.

இப்போது கைரேகை, டோக்கன். இவை இரண்டும் பிரவுசருக்குள் ஓடுவதில்லை. கணினியில் தனியாக ஒரு சேவை ஓடும், அரசுத் தளம் அதோடு பேசும். அந்தப் பேச்சை பிரவுசர் நம்புவதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் தேவைப்படுவது உண்டு. ஃபயர்பாக்ஸ் சான்றிதழ்களுக்குத் தன் சொந்தப் பெட்டகத்தை வைத்திருக்கிறது. அதனால் எட்ஜில் உடனே ஓடுவது இதில் முரண்டு பிடிக்கலாம். அண்மைப் பதிப்புகள் விண்டோஸில் சேர்த்த சான்றிதழையும் ஏற்கின்றன, ஆனாலும் ஆள் காத்திருக்கும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். கருவியோடு எந்த பிரவுசரைச் சொல்லியிருக்கிறார்களோ அதையே அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய தளம் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கேட்டால்கூட எட்ஜில் ஐஇ முறை இருக்கிறது. எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றுவிட்டது, ஆனால் இந்த முறையைக் குறைந்தது 2029 வரை தருவதாக மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது.

ஆகவே இரண்டு பிரவுசர், இரண்டு வேலை. எட்ஜில் உங்கள் ஆபரேட்டர் கணக்கு, கைரேகை, டோக்கன். வாடிக்கையாளரின் மற்ற வேலை எல்லாம் ஃபயர்பாக்ஸ். அதில் எப்போதும் மறைநிலையிலேயே திறக்கும்படி அமைப்பு இருக்கிறது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதை அணையுங்கள். படிவத்தில் அடித்தவற்றை நினைவில் வைத்துக்கொள்வதை அணையுங்கள். ஆதார் எண் எட்டிப் பார்க்கிறது என்றீர்களே, அது இந்த நினைவுதான். பழைய பிரவுசரிலும் அதை இன்றே அழித்துவிடுங்கள்.

எந்த பிரவுசரும் செய்யாத ஒரு வேலை மீதி இருக்கிறது. டவுன்லோட்ஸ் கோப்புறை. மறைநிலையில் இறக்கினாலும் கோப்பு கணினியில் தங்கும். இ-ஆதாரின் பாஸ்வேர்ட் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் என்று ஊருக்கே தெரியும். பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறக்கலாம். தினம் இரவு கடை அடைக்குமுன் அந்தக் கோப்புறையையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். முடிந்தவரை முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரையே இறக்குங்கள்.

வடமராட்சி

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். என்ர பக்கத்து அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு இல்லாவிட்டாலும் வேறு ஆருக்கும் உதவும். நான் பாவிப்பது விவால்டி. ஒரே நேரத்தில் எண்பது, நூறு தத்தல்கள் (டாப்கள்) திறந்துதான் என் வேலை நடக்கும். விவால்டியில் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், பக்கவாட்டில் பட்டியலாக வைக்கலாம், இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து ஒப்பிட்டு வாசிக்கலாம். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே திரையில் நிற்கும். ஓப்பராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வொன் டெட்ஸ்னர் 2015இல் இதை வெளியில் விட்டார். பழைய ஓப்பராவை நேசித்தவர்களுக்கு அதே கைவண்ணம் இதிலும் தெரியும். விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் யூபிளாக் ஆரிஜின் அளவுக்குக் கூர்மை இல்லை. இடைமுகத்தின் நிரல் முழுக்கத் திறந்ததும் இல்லை. அது தெரிந்தேதான் வைத்திருக்கிறேன், இந்த வசதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

பொருநை

தென்காசியிலிருந்து ஒருவர் கேட்கிறார், உலாவைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது! ஸோஹோ 2023 மே மாதம் வெளியிட்டது, நம் ஊர்ப் பிள்ளைகளின் உழைப்பு, பெயரும் தமிழ். மத்திய அரசு நடத்திய இந்திய உலாவி உருவாக்கும் போட்டியில் 2025இல் முதல் பரிசு வாங்கியது. வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் இருக்கின்றன, ஒன்றின் தரவு மற்றொன்றில் கலக்காது. குழந்தைகள் முறையை என் மகளுக்கு வைத்திருக்கிறேன், எனக்கு நிறைவாக இருக்கிறது. கணியன் சொன்னபடி உள்ளே குரோமியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரம் விற்றுப் பிழைக்காத நிறுவனம் செய்தது என்பதும் ஒரு கணக்குத்தானே.

கட்டற்ற கணியன்

நிச்சயமாக. யார் காசில் உலாவி ஓடுகிறது என்பதுதான் நான் எப்போதும் முதலில் கேட்பது. நேர்மையாக ஃபயர்பாக்ஸிடமும் அதைக் கேட்க வேண்டும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் தரும் பணம். அமெரிக்க வழக்கில் கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தபோது, அந்தப் பணம் நின்றால் ஃபயர்பாக்ஸ் என்ன ஆகும் என்று எனக்கு உண்மையிலேயே கவலை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவில் குரோமை விற்க வேண்டியதில்லை, பிரத்தியேக ஒப்பந்தம் கூடாது, பணம் தரலாம் என்று முடிந்தது.

2025 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் புதிய பயன்பாட்டு விதிகளை வெளியிட்டபோது 'உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம்' என்ற பழைய உறுதி வரியை எடுத்துவிட்டார்கள். பயனர்கள் கொதித்த பிறகு விதிகளின் சொற்களைத் திருத்தினார்கள். நானும் அன்று கோபப்பட்டேன். அதற்குப் பிறகும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், பரிந்துரைக்கிறேன். அமைப்புகளில் தரவு அனுப்பும் பகுதிக்குப் போய் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். அதுகூட வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரவுல்ஃப் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ்தான், ஆனால் தரவு அனுப்பும் பகுதி நீக்கப்பட்டு, யூபிளாக் ஆரிஜின் சேர்த்தே வரும். கடைக்கு அது கொஞ்சம் கடுமை, சில தளங்கள் முரண்டு பிடிக்கும்.

பழைய மடிக்கணினி

அக்காவின் இரண்டாவது கணினியில் விண்டோஸ் 10 என்று படித்தேன். 2025 அக்டோபர் 14உடன் அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அடியில் தரை ஓட்டையாக இருந்தால் பயன் குறைவு. 11க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். என் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு இலவச மடிக்கணினியில்தான் நான் லினக்ஸ் கற்றேன், அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ராம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றி இன்னும் ஓட்டுகிறேன். மின்ட்டில் ஃபயர்பாக்ஸ் கூடவே வரும். கைரேகைக் கருவியை மட்டும் விண்டோஸ் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்பொதிகை

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் மகனும் உட்கார்ந்து முதல் கணினியில் போட்டோம். ஒரு சிக்கல். யூபிளாக் ஆரிஜின் போட்டும் தேடலில் விளம்பரம் வருகிறது. சாதாரணச் சாளரத்தில் வரவில்லை, மறைநிலையில் மட்டும் வருகிறது. என்ன தவறு செய்தோம்?

நிரல்காரன்

தவறு ஒன்றும் இல்லை, நான் சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். ஃபயர்பாக்ஸ் மறைநிலையில் எந்த நீட்சியையும் தானாக அனுமதிக்காது. நீட்சிகள் பக்கத்தில் யூபிளாக் ஆரிஜினைத் திறந்தால் 'தனிப்பட்ட சாளரங்களில் இயக்கு' என்று ஒரு தேர்வு இருக்கும். 'அனுமதி' கொடுங்கள். அதற்கு மட்டும் கொடுங்கள், வேறு எதற்கும் வேண்டாம்.

தென்பொதிகை

கொடுத்ததும் சரியாகிவிட்டது. பத்து நாள் ஆயிற்று, எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

வாடிக்கையாளர் வேலை முழுக்க ஃபயர்பாக்ஸில் நடக்கிறது. கைரேகையும் டோக்கனும் எட்ஜில். ஒரு தேர்வு விண்ணப்பத் தளத்தில் மட்டும் புகைப்படம் ஏற்றும் பெட்டி திறக்கவில்லை, அதை எட்ஜில் முடித்தேன். அறிவிப்புத் தொல்லை குறுக்குவழி அண்ணன் சொன்ன மாதிரி செய்ததும் போய்விட்டது. பழைய பிரவுசரில் சேர்ந்திருந்த பாஸ்வேர்டுகளைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. நாற்பது பேருக்கு மேல். ஒரு பெண்ணின் வங்கிக் கணக்குகூட அதில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். இன்னும் ஏழெட்டுப் பேர் பாக்கி.

அரசுத் தளங்களின் முகவரியை எல்லாம் புக்மார்க் பட்டையில் தமிழில் பெயர் போட்டு வரிசையாக வைத்திருக்கிறோம். தேடவே வேண்டியதில்லை. மகன் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தினம் ஒன்பது மணிக்குக் காலி செய்கிறான், செய்ததும் நாட்காட்டியில் ஒரு கோடு போடுகிறான்.

அந்தப் பெரியவர் நேற்று வந்தார். அழைப்பு எதுவும் வரவில்லையாம். சரியான தளத்தில் விண்ணப்பித்து 1,500 ரூபாய் கட்டி, திருநெல்வேலியில் வரும் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது கணினியில் 11 ஏறாது என்று தெரிந்துவிட்டது. மடிக்கணினித் தம்பி, மின்ட் போடுவதற்கு எத்தனை ஜிபி பென் டிரைவ் வேண்டும், என் கேனான் பிரின்டர் அதில் ஓடுமா?

பழைய மடிக்கணினி

8 ஜிபி போதும் அக்கா. போடுமுன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் எதுவும் மாறாது. அப்போதே பிரின்டரைச் செருகி ஒரு தாள் அடித்துப் பாருங்கள். மாடல் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரவு சொல்கிறேன்.